ரேடியோவுக்கு ஒரு கேபிள்

வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரேடியோ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். தூக்கத்தில்கூட யாருக்கோ பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அண்ணி சத்தியமே செய்வாள்.

அந்த வாயால் அவளுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. செருப்புக் கடையில் வைத்தார்கள். ஒரு அம்மாளின் காலுக்கு அளவெடுக்கும்போதே அந்த அம்மாளின் மருமகள் கதை முழுவதையும் கேட்டு, ஆலோசனையும் சொல்லி முடிப்பதற்குள் மற்ற வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். நூலகத்தில் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. பல் மருத்துவரிடம் உதவியாளராகப் போனாள். வாயைத் திறந்து படுத்திருக்கிறவரிடம் போய், "உங்க பையன் எந்தக் கிளாஸ் படிக்கிறான்?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? பதில் சொல்லத்தான் வாயை மூடினார். மூடிய பற்களுக்கு நடுவில் டாக்டரின் விரல் இருந்தது.

அவளுடைய அண்ணன் திரைச்சீலை தைப்பவன். பத்தாவது வரைதான் படித்தான். ஆனால் அவன் தைத்த திரையில் ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தங்கையைப் பற்றி வெளியில் யார் என்ன சொன்னாலும் அவன் பதில் ஒன்றுதான். "அவளுக்கு ஏத்த வேலை இன்னும் வரல, அவ்வளவுதான்."

அந்த வேலை வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்கிறவர்களிடம் பேசி, எந்த டாக்டர், எந்த நேரம் என்று பதிந்து கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பேசலாம்.

"பேசுறதுக்கு சம்பளமா?" என்றாள் அண்ணி. "உலகம் திருந்திடுச்சு போ."

ஒரு நிபந்தனை இருந்தது. திங்கட்கிழமை காலை ஒரு மேற்பார்வையாளர் நோயாளி மாதிரி பேசிப் பார்ப்பார். குரல் ஒரு தடவைகூட அறுபடக் கூடாது. பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் வேலை இல்லை.

சத்தம் கேட்காத அறை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசியில் இருக்கும் ரேடியோவின் அறை. முன்னறையில் அண்ணனின் தையல் மெஷின் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாப். இன்டர்நெட் வரும் டெலிபோன் சாக்கெட்டும் அதன் மோடமும் அந்த ஜன்னலுக்கு அடியில்தான் இருந்தன. சாக்கெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கூடம், சமையலறை, நடை, தடித் தடியான சுவர்கள், இரண்டு இரும்பு அலமாரிகள். கம்பியில்லாமல் காற்றில் வரும் இணைப்பு சமையலறை வரை வந்து மூச்சு வாங்கி நின்றுவிடும். ரேடியோ பின்னறைக் கம்ப்யூட்டரில் பேச, அண்ணன் தெருவிலிருந்து செல்போனை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தான். "வண... டாக்... நாளை..." என்று வந்தது.

"இவ பேச்சு நடுவுல நிக்கிறது இதுதான் முதல் தடவை," என்றாள் அண்ணி. "அப்படியே விட்டுடுங்களேன்."

சாக்கெட்டை மாற்றித் தர அடுத்த மாதம்தான் ஆள் வரும் என்றார்கள். அண்ணன் நீளமான டெலிபோன் ஒயர் வாங்கி, மோடத்தைத் தூக்கிப் பின்னறையில் வைத்துப் பார்த்தான். அதன் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"போன் ஒயரை நீட்டினா சிக்னல் வழியிலேயே இளைச்சுப் போயிடும் அண்ணே. மோடத்தை சாக்கெட் பக்கத்துலயே வையுங்க. அங்கிருந்து நெட்வொர்க் கேபிளை நீட்டுங்க. வீட்டுக்குள்ள எவ்வளவு தூரம்னாலும் அது அசராது."

சனிக்கிழமை மாலை கேபிள் வந்தது. முன்னறையிலிருந்து பின்னறை வரை தரையிலேயே விரித்து, இரண்டு முனைகளையும் செருகினார்கள். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ரேடியோ அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். சுற்றும்போதும் பேசிக்கொண்டே இருந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணனால் முடியவில்லை. கூடத்தின் நடுவில் அந்தச் சாம்பல் நிறக் கேபிள் நெளிந்து கிடந்தது, நல்ல சட்டையில் பிசிறு நூல் தொங்குவதுபோல. அண்ணியும் டீ தட்டோடு வந்து ஒருமுறை தடுக்கினாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நான் பாத்துக்கறேன்," என்றான் அண்ணன்.

"அண்ணா, வேலை செய்யுது. தொடாதே," என்றாள் ரேடியோ.

"தொடல. உடுத்தி விடுறேன்."

மெத்தை விளிம்பில் பைப்பிங் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்றைத் துணிக்குள் வைத்து மடித்து, கயிற்றை ஒட்டினாற்போல் தையல் போடுவார்கள். துணி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு அழகு. இந்த ஊர் மெத்தைக் கடைகள் அண்ணனைத் தேடி வருவதே அந்த இறுக்கத்துக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அவன் மெஷினில் உட்கார்ந்து, அந்தக் கேபிளை முனையிலிருந்து முனை வரை கருஞ்சிவப்புத் துணிக்குள் வைத்துத் தைத்தான். மதியத்துக்கு மேல் அதைக் கதவுகளுக்கு மேலே திரைக்கம்பிகளில் நூல் வளையம் போட்டுத் தொங்கவிட்டான். நடுவில் சுவரோரமாக இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் பதித்தான். திரைகளுக்கும் கேபிளுக்கும் ஒரே நிறம். வீட்டுக்கே ஒரு பார்டர் போட்டதுபோல் இருந்தது. அண்ணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்தா கேபிள்னு யாரு சொல்லுவா?" என்றாள்.

கம்ப்யூட்டரும் சொல்லவில்லை. பச்சை விளக்கு எரியவே இல்லை.

பிடுங்கிச் செருகினார்கள். அணைத்துப் போட்டார்கள். ஊதிப் பார்த்தார்கள். ரேடியோ பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணனைப் பயமுறுத்தியது அந்த மௌனம்தான். விளக்கு எரியாததைக்கூடத் தாங்கிக்கொள்வான். இவள் பேசாமல் இருந்து அவன் பார்த்ததில்லை. கடைக்குப் போன் செய்தால், "ஞாயித்துக்கிழமை லீவு அண்ணே, நான் வெளியூர்ல இருக்கேன். நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்," என்றார் கடைக்காரர்.

"நேத்து எரிஞ்சுது," என்றான் அண்ணன் மெதுவாக. "தைச்ச பிறகுதான் எரியல. அப்போ நான்தான் எங்கயோ கேபிளைக் குத்திட்டேன்."

"எங்கன்னு தெரியுமா?" என்றாள் அண்ணி.

"எப்படித் தெரியும்? முழு நீளமும் ஒரே தையல்."

"பிரிச்சுப் பாக்கலாம்."

"எல்லாத்தையும் பிரிச்சா, தையல் பிரிக்கிற கொக்கி கேபிளை இன்னும் நாலு இடத்துல கிழிச்சுடும்."

அப்போதுதான் ரேடியோ நிமிர்ந்தாள். "அண்ணா. தைக்கும்போது ஊசி எதாவது உடைஞ்சுதா?"

"ஒண்ணு உடைஞ்சுது. மாத்திட்டுத் தைச்சேன். அது சாதாரணம்."

"முனை கிடைச்சுதா?"

அண்ணன் கதவுக்கு மேலே கேபிளை நிமிர்ந்து பார்த்தான். உடைந்த ஊசியின் முனையைத் தேடி எடுக்காமல் அவன் ஒருநாளும் தைத்தவனில்லை. இன்றைக்குத்தான், திங்கட்கிழமைக்குள் முடிக்கிற அவசரத்தில், தரையில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

"அப்போ அங்கதான் இருக்கு," என்றாள் ரேடியோ. குரல் திரும்பி வந்துவிட்டது. "நீ ஊசி மாத்தினா என்ன பண்ணுவே? கொஞ்சம் பின்னால போய், ரிவர்ஸ் போட்டுட்டுத்தானே மறுபடி ஆரம்பிப்பே? சின்ன வயசுலேர்ந்து உன் மெஷின் பக்கத்துல உக்காந்து கதை சொல்லிட்டே பாத்திருக்கேன். நீதான் கதையைக் கேக்கல, நான் தையலைப் பாத்தேன். அந்த இடத்துல தையல் ரெட்டையா இருக்கும். தடவினாலே தெரியும்!"

இரண்டு பேரும் இரண்டு நாற்காலி எடுத்தார்கள். அண்ணன் முன்னறையிலிருந்தும் ரேடியோ பின்னறையிலிருந்தும் விரலால் தையலைத் தடவிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். ரேடியோ, "இங்க இல்ல, இங்கயும் இல்ல, அண்ணி, இந்த மூலையில ஒட்டடை இருக்கு, இங்கயும் இல்ல," என்று ஒலிபரப்பு செய்துகொண்டே வந்தாள்.

சமையலறைக் கதவுக்கு மேலே அவள் விரல் நின்றது. "அண்ணா!"

அந்த ஒரு சிறு இடத்தை மட்டும் அவன் பிரித்தான். கேபிளின் தோலில் ஒரு புள்ளி மினுங்கியது. புருவம் பிடுங்கும் இடுக்கியை அண்ணி ஓடிப்போய் எடுத்து வந்தாள். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். ஒரு அரிசியின் பாதி அளவுக்கு ஊசி முனை வெளியே வந்தது. உள்ளே இருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அது பாலம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பின்னறைக்கு ஓடிய ரேடியோவின் கூச்சல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். "எரியுது! எரியுது!"

"தீப்பிடிச்ச வீடுன்னு நினைச்சுக்கப் போறாங்க. பச்சை விளக்குன்னு சேத்துச் சொல்லுடி!" என்று அண்ணி கத்தினாள்.

பிரித்த இடத்தை அண்ணன் கையால் தைத்து மூடினான். இந்தத் தடவை தளர்வாக.

திங்கட்கிழமை காலை மெஷினுக்கு உறை போட்டாயிற்று. கெட்டில் விசிலடித்துவிடுமோ என்று அண்ணி அடுப்பையே அணைத்துவிட்டாள். இருவரும் சமையலறை வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து ரேடியோ பேசுவது மட்டும் கேட்டது.

"வலது முட்டியா, இடது முட்டியாங்க ஐயா? ... டாக்டரே வேண்டாமா? சரி, வேண்டாம். வலிக்கு மட்டும் ஒரு நேரம் குறிச்சுக்கலாமா? ... வீட்டுல மாடிப்படி இருக்குங்களா? ... அடடா, தினமும் ஏறி இறங்குறீங்களா? அப்போ வியாழக்கிழமை காலைல வந்தா கூட்டம் இருக்காது..."

எதிர்ப்பக்கம் முரண்டு பிடிக்கிற கிழவராக நடித்தவர் எத்தனை வழியில் தப்பப் பார்த்தாரோ, கடைசியில் வியாழக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார். பேச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. பிறகு ரேடியோவின் குரல் மாறியது.

"அப்படியா சார்? ... அடுத்த வாரமே வேலையை ஆரம்பிக்கலாமா? ... ரொம்ப நன்றி சார்!"

அண்ணி அண்ணனின் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அடி பலமாக விழுந்ததைப்போல.

"லைன் தெளிவா இருக்கா சார்? இல்ல, கம்பெனி ஆளெல்லாம் வரல. எங்க அண்ணன் தைச்சது ... ஆமா சார், தைச்சதுதான். ஊசி நூல் வெச்சு. அதை ஏன் கேக்குறீங்க, ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னா..."

"போச்சு," என்றாள் அண்ணி. "அந்த மனுஷனுக்கு இன்னிக்கு வேற வேலை ஓடாது." அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கதவுக்கு மேலே, நேற்றுக் கையால் தைத்த இடத்தில், சின்னதாக ஒரு நூல் முனை துருத்திக்கொண்டிருந்தது. அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

திரும்பிப் பார்த்த அண்ணி அலறினாள். "ஐயோ, அந்தக் கத்தரியைக் கீழ வைங்க!"

அவன் கத்தரியைக் கீழே வைத்தான். அந்த நூல் இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.