மாமாவின் காப்பிப் பிரசங்கம்

அத்தா சவூதிக்குப் புறப்பட்ட காலையில் மாமா காப்பியைப் பற்றிப் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குமணன்சாவடியில் ஒரு காப்பித்தூள் கடையில் கொட்டை வறுத்து அரைப்பது அவருடைய வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசனை நுழைந்துவிடும். வாசனைக்கும் முன்பே பேச்சு வந்துவிடும். மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு முடியவில்லை. அத்தாவிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. "நீங்க போவாதீங்க அத்தா." மூன்று நாட்களாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தேன். பாடியில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதெல்லாம் நான்காம் வகுப்புக்காரிக்கு ஒரு காரணமாகவே படவில்லை.

விமான நிலையத்துக்குப் போக வரவேண்டிய வண்டி பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் கிடைத்தது. அம்மா சமையலறை வாசலில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். அத்தா பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் நேரம் என்று "அத்தா" என்றேன்.

"மச்சான், காப்பியக் கண்டுபுட்ச்சதே ஆடுதான், தெரியுமா?" என்றார் மாமா.

எத்தியோப்பியாவில் ஆடுகள் ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டுக் குதியோ குதி என்று குதித்தனவாம். குதித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மாமா ஏமனுக்குப் போய்விட்டார். முளைக்கிற விதை ஒன்றுகூட நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று அங்கே அப்படிக் கட்டுக்காவலாம். ஹஜ்ஜுக்குப் போன ஒரு பெரியவர் ஏழே ஏழு விதைகளை இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்து கர்நாடக மலையில் நட்டாராம்.

"மாமா, நான் அத்தாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு பாப்பா, முக்கியமான எடம். மச்சான், ஒலகத்துலயே தலைக்கு அதிகமா காப்பி குடிக்கிறவன் யாருன்றீங்க? நாம இல்ல. பின்லாந்துக்காரன்!"

பின்லாந்துக்காரன் அண்டா அண்டாவாகக் குடித்தால்தான் எனக்கென்ன? அத்தாவோ "அப்படியா?" என்று கேட்டுவைத்தார். போதாதா? சிக்கரி என்பது ஒரு வேர் என்று மாமா அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அத்தாவின் தம்ளரில் காப்பி ஆறி ஆடை படிந்தது. வண்டி ஹாரன் அடித்தபோது மாமா பிரேசிலில் இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதும் வாய் ஓயவில்லை. அத்தா என் தலையில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் மாமாவின் கையைக் கடித்துவிட்டேன். அவர் கையை உதறவில்லை, கத்தவுமில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே, நான் கடித்த கையைத் தடவிக்கொண்டே மாமாவிடம் சொன்னாள்: "நீ மட்டும் வாய மூடிகினு இருந்திருந்தா நான் அப்பவே அழுதிருப்பேன்டா. அவரும் பொட்டியக் கீழ வெச்சிருப்பாரு."

அம்மாவே அவரை நன்றாகத் திட்டிவிட்டாள் என்று எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.