மாதாவுக்கு வைத்த நேர்த்தி

அந்த சீசன் முழுக்க, வார இறுதிகளில் டென்மார்க்கின் பிரெடெரிசியாவிலிருந்து எல்லை தாண்டி ஜெர்மனிக்குக் கார் ஓடினேன். அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அவருடைய ஊர் அணி அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவரிடம் சீசன் டிக்கெட் இரண்டு. இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டம் பார்க்க அவருடன் வர வேறு ஒருவரும் இல்லை. அதனால் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது.

ஆட்டத்துக்கு முன்பு காருக்குள் இருந்தபடி, என் மனைவி கட்டித் தந்த மீன் கட்லட்டைச் சாப்பிடுவோம். பிறகு உள்ளே போய், குளிரில் விறைத்தபடி, அணி தோற்பதைப் பார்ப்போம். அகதிகளாக வந்து ஆளுக்கொரு நாட்டில் ஒதுங்கிய பிறகு, நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது அங்கேதான்.

அண்ணன் ஆசைப்படுகிறாரே என்று, அணி முதல் பிரிவுக்கு ஏறினால் மெழுகுதிரி கொளுத்துவதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். உதைபந்துக்கு நேர்த்தி வைத்த விசரன் டென்மார்க்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசி ஆட்டத்தில் வென்று அணி ஏறியது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

அடுத்த வாரம் அண்ணன் போன் எடுத்தார்.

"தம்பி, வாற சீசன் நீ மினக்கெட்டு வரத் தேவையில்லை. இனிப் பெரிய ரீமுகள் எல்லாம் விளையாட வரும். என்ர முதலாளி எனக்குப் பக்கத்து சீற்றைக் கேக்கிறார்."

"ஓம் அண்ணை," என்றேன்.

நான் கேட்டதைத்தான் மாதா தந்தார். அதுதான் ஆத்திரம். வாங்கி வைத்த மெழுகுதிரி இன்னும் கார் டிக்கிக்குள் கிடக்கிறது.