ஆறு புள்ளி நாலு

என் மகளுக்கு இருபத்தேழு வயதிலேயே நரை வந்துவிட்டது. வகிட்டுக்கு இடப்பக்கம், விரல் அகலத்துக்கு ஒரு கற்றை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் உறுத்தல். திட்டக்குடிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய், "பொண்ணுக்கு வயசு ஜாஸ்தி போல" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்துக் காட்டுமன்னார்கோயிலில் ஒரு இடம் அமைந்தது. பையனின் அம்மா போனில் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "முடி எப்பிடிங்க?" என்று கேட்டார்.

"நல்ல கருப்புங்க, அடர்த்தி" என்று சொல்லிவிட்டேன். தினமும் விளக்கேற்றி, திருநீறு பூசி, சிவசிவா என்று சொல்கிற வாய்தான் அப்படிச் சொன்னது.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் கோயிலில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. கோயில் என்றால், ஒத்துவராவிட்டாலும் சாமி கும்பிட வந்ததாகப் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் சங்கடம் இல்லை.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. செவ்வாய்க்கிழமை திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குத் தலைச்சாயம் வாங்கப் போனேன். சுவரில் ஒரு அட்டை. அதில் வரிசையாகச் சாயம் ஏற்றிய முடிக்குஞ்சங்கள் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டிருந்தது. ஒன்று, மூன்று, நான்கு, அப்புறம் புள்ளி வைத்த எண்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"எந்த நம்பர்க்கா?" என்றாள் கடைப் பெண்.

நான் எட்டாவதுதான் படித்தவள். ஆனால் புள்ளி வைத்த எண் எனக்குப் புதிதல்ல. வீட்டில் இரண்டு மாடு. பால் சொசைட்டியில் தினமும் கொழுப்பு பார்த்து எழுதுவார்கள். மூன்றுக்குக் கீழே இறங்கினால், "இன்னாக்கா, குழாய மூட மறந்துட்டியா?" என்று கேலி பேசுவார்கள். ஆறுக்கு மேலே என்றால் எருமைப்பால், நல்ல கெட்டி.

"ஆறு புள்ளி நாலு குடும்மா. அதான் கெட்டியா பிடிக்கும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே போட்டுக் குளிக்க வைத்தேன். தலை காய்ந்ததும் பார்த்தால், நரை இருந்த இடம் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி பளபளக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நரையாவது பரவால்ல. இப்ப செம்பட்ட ஆக்கி வச்சிட்டியே" என்றார். மகள் கண்ணாடியில் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு தலையைச் சொறிய ஆரம்பித்தாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பியூட்டி பார்லருக்கு ஓடினேன். பார்லர் நடத்துகிற அம்மாவிடமும் அதே மாதிரி அட்டை இருந்தது. மகளை வாசல் வெயிலில் நிற்கவைத்து, எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"மொத நம்பரு கருமையோட அளவுக்கா. ஒண்ணுன்னா மை மாதிரி கருப்பு. நம்பரு ஏற ஏற வெளுத்துக்கினே போவும். புள்ளிக்கு அப்பறம் வர்றது சாயல். இந்த நாலு இருக்கே, அது செம்பு."

"அப்ப ஒண்ணாம் நம்பரே போட்டுடு தாயி."

"வேணாம்க்கா. தார் பூசுன மாதிரி தனியா தெரியும். எந்தக் குஞ்சம் முடியில வச்சா கலந்து காணாம போவுதோ, அதான் நம்ம நம்பரு."

மூன்றாம் எண் குஞ்சத்தை மகளின் முடிமேல் வைத்தார். அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"இன்னிக்கே போட்டுடலாமா?"

"மாட்டேன்க்கா. தோலு செவந்து கெடக்கு. இது நல்லா ஆறணும். அப்பறம் சாயத்த காது பின்னால தொட்டு வச்சி ரெண்டு நாள் பாக்கணும். டப்பாவுலயே போட்டிருக்கே, படிக்கலியா?"

படிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். "பூவ கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிக்கோ."

"நெத்தியிலயா வைப்பாங்க? நான் இப்பிடியே வரேன். கேட்டா உள்ளதச் சொல்லிடுறேன்."

"போன்ல நான் கருப்புன்னு சொல்லிட்டேனே!"

"அது நீ சொன்னது."

வெள்ளிக்கிழமை சிற்சபையின் முன்னால் கை கூப்பி நின்றேன். பையன் வீட்டுக்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அப்பனே, அவள் தலைகுனியும்படி ஆகக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பிராகாரத்தில் உட்கார்ந்து பேசும்போது, பையனின் அம்மாவுக்குப் பார்வை முழுக்க என் மகளின் தலையில்தான் இருந்தது.

"இன்னா பாப்பா, முன்னால செவப்பா இருக்கு? ஸ்டைலா?"

"இல்லீங்க அத்தை. நரை. மறைக்கலாம்னு போட்டோம், நம்பர் மாறிப்போச்சு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கருப்புன்னு நான்தாங்க பொய் சொன்னேன். போன இடம் தட்டிப்போச்சேன்னு பயம். அவ மேல தப்பு இல்லீங்க."

பையன் தொண்டையைச் செருமினார். "நானும் மீசைக்குப் போட்டிருக்கேங்க. ஒண்ணாம் நம்பரு."

"எப்படா?" என்றார் அவருடைய அம்மா.

"நேத்து."

"தெரியுது" என்றாள் என் மகள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார்.

அவர் அம்மா சிரிக்கவில்லை. "நரை இருந்தா இருந்துட்டுப் போவுது. போன்ல மறைச்சீங்க பாருங்க, அதான் எனக்குப் பிடிக்கல. இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேரா சொல்லிடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் என் கையைக் கிள்ளி, காதோடு சொன்னாள்: "யம்மா, 'இனிமே'ன்றாங்க."

நான்காம் நாள் பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஜாதகம் பொருந்துகிறது, பையனுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "பொண்ணப் பத்தி வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே, "கோவம் கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றேன்.