டாக்டரம்மாவுக்கு நான் எழுதிய கடிதம்

எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதில் எங்கள் வீட்டுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்காகத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருக்குத் தமிழும் வேதாகமமும்தான். நான் விடுமுறைக்கு வந்தால் போதும், தெருவில் யாருக்கு என்ன மனு என்றாலும் "எம் மக எழுதுவா" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். எனக்கும் தலைக்கனம்தான். இல்லை என்று சொல்லி இந்த வயதில் என்ன ஆகப்போகிறது?

பள்ளியில் எங்களுக்கு வாரம் ஒரு பயிற்சி உண்டு. ஒரு வாக்கியம், நடுவில் கோடிட்ட இடம், கீழே நான்கு சொற்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். யார் யாரிடம் பேசுகிறார்கள், பேச்சா கடிதமா என்று பார்த்துப் பொருத்தமானதை எடுக்க வேண்டும். வேலைக்காரிக்கு வேர்த்தால் 'ஸ்வெட்', சீமாட்டிக்கு வேர்த்தால் 'பெர்ஸ்பிரேஷன்'. ஒருமுறை வயிறு என்பதற்கு நான் 'பெல்லி' என்று எழுதிவிட்டேன். இங்கிலீஷ் சொல்லித்தந்த துரைசானி அதைச் சிவப்பு மையால் அடித்து, கௌரவமான பெண் இந்தச் சொல்லை எழுதமாட்டாள் என்று ஓரத்தில் குறித்திருந்தார். அவமானத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டேன். சொல்லைத் தனியாக எழுதமாட்டேன்; அது வந்த வாக்கியத்தோடு எழுதிவைத்து மனப்பாடம் செய்வேன். ஆறு மாதத்தில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அந்த நோட்டில் ஒரு வாக்கியம்: 'சீமாட்டியால் இன்று விருந்துக்கு வர இயலாது, அவர் சற்றே ——.' மற்றவர்கள் எல்லாரும் 'சிக்' என்று போட, நான் மட்டும் 'இண்டிஸ்போஸ்ட்' என்று போட்டேன். துரைசானி என் தாளை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். உடம்பு சரியில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல இங்கிலீஷில் வார்த்தை கிடையாது என்று நம்பினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் வந்தபோது அக்கா பிரசவத்துக்குச் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள். அத்தானும் வண்டியோடு வந்திருந்தார். அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்ததால் எல்லாம் மருத்துவச்சி கையில்தான். விடிகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. ஆனால் நஞ்சுக்கொடி முழுவதும் விழவில்லை. எட்டு மணிக்குள் பழஞ்சேலை மூன்று நனைந்து, பாயும் நனைந்துவிட்டது.

மருத்துவச்சி கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். "இது இனி எங் கையில இல்ல. வண்டியில ஏத்தி ஆட்டுனா வழியிலயே போயிருவா. டாக்டரம்மாவ இங்கன கூட்டிட்டு வாங்க."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் சீமையிலிருந்து புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அத்தான் வண்டியைப் பூட்டினார். அப்பா காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரத்தம் நிக்காம போகுதுன்னு எழுதுளா" என்றாள் மருத்துவச்சி.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். அதற்கான இங்கிலீஷ் எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் அது அத்தான் கையில் போகிற காகிதம். ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். பெண்பிள்ளைகளின் மாதாந்தரத் தொந்தரவைக்கூட ஆண்கள் காதில் விழாமல் தலைவலி என்று சொல்லிச் சமாளிக்கிற வீடு எங்களுடையது. இந்தப் பக்கம் நம் வெட்கம், அந்தப் பக்கம் துரைசானியின் சிவப்பு மை. இரண்டுக்கும் நடுவில் என் நோட்டுச் சொல் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. என் அக்கா பிரசவத்துக்குப் பின் சற்றே இண்டிஸ்போஸ்டாக இருக்கிறாள், தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது வந்து பார்த்தால் பேருதவியாக இருக்கும் என்று எழுதினேன். ஓய்வு கிடைக்கும்போதாம்! அதுவும் கடித மரியாதைதான். உள்ளே அக்கா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருக்க, ஓர் எழுத்துக் கோணிவிட்டது என்று வேறு காகிதம் எடுத்துத் திரும்ப எழுதினேன். அதை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று இப்போதும் வருகிறது.

பேட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டிப் போய்வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். என்ன விஷயம் என்று கம்பவுண்டர் கேட்டதற்கு அத்தான், "கடுதாசில எல்லாம் வெவரமா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வெயிலில் காத்து நின்றிருக்கிறார். ஒரு சத்து மருந்துப் புட்டியும் ஒரு பதில் கடிதமும் கிடைத்தன.

பதிலை நான்தான் பிரித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அசதி இயல்புதான், நன்றாக உறங்கட்டும், வேலை முடித்து ஐந்து மணிக்கு வருகிறேன் என்று இருந்தது. அந்த நிதானமான வரிகளைப் படித்தபோதுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ரத்தம் நிற்கவில்லை, சாகிறாள், உடனே வாருங்கள் என்று கிறுக்கி அத்தான் கையில் திணித்தேன். மருந்தைத் தவிர இன்னும் ஏதோ கேட்கிறேன் என்றுதான் அவர் நினைத்தார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மருத்துவச்சி உள்ளேயிருந்து கத்திவிட்டாள். அப்பா ஓடிப்போய் வண்டியை நிறுத்தினார்.

டாக்டரம்மா சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தார். அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். மூலையில் குவித்திருந்த துணிகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் என்னிடம் நீட்டினார்.

"ரத்தம் போகிறது என்று ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால் அந்த நிமிஷமே புறப்பட்டிருப்பேனே" என்று இங்கிலீஷில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏட்டி, என்ன சொல்லுதாவ?" என்றார் அப்பா.

டாக்டரம்மா கேட்டது புரிந்த ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

"எல்லாம் கர்த்தரோட சித்தம்னு சொல்லுதாவப்பா" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றார். அத்தான் டாக்டரம்மாவைப் பார்த்துக் கை கூப்பி, "எங்களுக்காவ இம்புட்டு தூரம் வந்தீயளே தாயி" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்கிறார் என்று, அதை மட்டும் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன்.