ஜன்னலைத் திறந்து எடுத்த படம்

1983 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. காற்று லேசாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் எங்கள் வாடகை வீட்டு மாடியறையில் நானும் என் மனைவியும் காமிராவோடு நின்றிருந்தோம். எதிரே தோல் தொழிற்சாலையின் சிம்னி.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் குளிர்காலம் முழுக்க மூச்சிரைப்பு. தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பாய்லர் எரியாது. ஒன்பது வெள்ளிக்கிழமைகள் கவனித்தேன். ஏழில் இரவெல்லாம் தூங்கினாள். மற்ற நாட்களில் உட்கார்ந்தே விடிந்தது.

தொழிற்சாலை முதலாளி பாயிடம் போய்ச் சொன்னேன்.

“சிம்னியில புகையே காணோமே சார். சும்மா பேஜார் பண்றீங்களே” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பாய்லர் எரியும்போது வரும் கந்தக டை ஆக்ஸைடு வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது புற ஊதா ஒளியை விழுங்கும். நான் இயற்பியல் கற்பித்த வேலூர்க் கல்லூரியில் குவார்ட்ஸ் லென்ஸ் வைத்த காமிரா ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்தால் புற ஊதா ஒளி மட்டும் உள்ளே போகும். வானத்தின் முன் அந்த வாயு கறுப்பாகப் படத்தில் விழும். அனுமதி கேட்டு வாங்கி வந்தேன்.

முந்தைய ஞாயிறு ஒரு சுருள் வீணாகியிருந்தது. அவளுக்காக வழக்கம்போல ஜன்னலைச் சாத்திவிட்டு, அதன் கண்ணாடி வழியாகவே எடுத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடும். வருடா வருடம் வகுப்பில் சொல்கிற பாடம்!

“அப்ப தொறந்து எடுக்கணும், அவ்ளோதானே?” என்றாள்.

“நீ கீழே போய்டு.”

“கறுப்புக் கண்ணாடிய யாரு புடிப்பா? மூணாவது கை மொளச்சிருக்கா உங்களுக்கு?”

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவளே ஜன்னலைத் திறந்தாள். எட்டாவது படத்தோடு இருமல் வந்துவிட்டது. அவள் குனிந்தாள், கண்ணாடி கை நழுவியது. நான் அவள் தோளைப் பிடித்தேன். கண்ணாடி சிமெண்ட் தரையில் விழுந்து நொறுங்கியது.

“இன்னாங்க இது, கண்ணாடிய வுட்டுட்டு என்னைப் புடிக்கிறீங்க?” இரைப்புக்கு நடுவே சிரித்தாள்.

படத்தைக் கழுவி பாயிடம் காட்டினேன். சிம்னி வாயிலிருந்து கறுப்பாக ஒன்று கிளம்பி, மேலே போகாமல் வளைந்து, எங்கள் பக்கமாக அகன்று இறங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“தங்கச்சி ஜன்னலுக்கா சார் போவுது?”

“ஆமாம்.”

“இத மொதல்லயே காட்டியிருக்கலாமே.”

மார்ச் மாதத்துக்குள் சிம்னியைப் பதினைந்து அடி உயர்த்திக் கட்டினார். வேலை முடிந்த வாரம், புதன்கிழமை இரவு, பாய்லர் எரிந்தும் அவள் இருமாமல் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை, மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

உடைந்த கண்ணாடியின் விலையைக் கல்லூரி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த ஒரே தொகை அது: நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.