சுவருக்குள்ளாலை வந்த கூதல்

"எல்லா யன்னலும் மாத்தவேணும் அண்ணை, காத்துப் பூருது" என்றான் யன்னல் விற்க வந்தவன். எனக்கு நம்பிக்கையில்லை. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கும், எதையும் விற்காத ஒரு பரிசோதகரைத் தேடிப்பிடித்து, கனடாவில் ஸ்காபரோவிலுள்ள என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார்; ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதற்குள்ளால் உள்ளே வருமாம். பிறகு புகைக்குச்சி ஒன்றை ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பார்த்தார். யன்னல்களில் பிழையில்லை. கட்டிலின் இடது பக்கம், சுவரிலிருந்த மின்சாரப் பிளக்கின் அருகே பிடித்தபோதுதான் புகை சிதறியது.

அது என் மனைவி படுத்த பக்கம்.

"சுவருக்குள்ளாலை கூதல் வருதப்பா" என்பாள், ஒவ்வொரு பனிக்காலமும்.

"சுவருக்குள்ளாலை எப்பிடியப்பா வரும்? உமக்கு விசர்" என்று திரும்பிப் படுப்பேன்.

அவள் இறந்து இரண்டு பனிக்காலம் போய்விட்டது; இது மூன்றாவது.

ஓட்டையை அடைக்கச் சொல்லிவிட்டுப் பரிசோதகர் போனார். நான் அவள் பக்கத்தில் படுத்து, பிளக்கின் மேல் கையை வைத்தேன்.

"ஓமப்பா, வருது" என்றேன்.