பாலக்கோட்டில் ஒரு காலின் அடக்கம்

மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் தருமபுரி பஸ்ஸுக்காக நிற்கிறேன். கன்னியாஸ்திரி நர்ஸ் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றிய நீளமான பொட்டலத்தை இரு கைகளிலும் ஏந்தி வந்து, பைக்கில் இருக்கும் தொப்பி அணிந்த இளைஞரிடம் தருகிறார். வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டியிருப்பதால் அவர் அதை என்னிடம் நீட்டுகிறார்.

"கொஞ்சம் புடிங்க சார்."

"என்னங்க இது?"

"எங்க அண்ணன் காலுங்க. சக்கரையில எடுத்துட்டாங்க. எங்க வழக்கத்துல கபர்ஸ்தான்ல அடக்கம் பண்ணணும். நாங்க கேக்கறதுக்குள்ள சிஸ்டரே துணி சுத்திட்டாங்க."

நான் நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. துணியில் டெட்டால் வாசனை.

"புண்ணு சின்னதா இருக்கப்பவே வரச் சொன்னேன்" என்கிறார் சிஸ்டர். "இங்க வந்தா மதம் மாத்திடுவாங்கன்னு வூட்லயே வெச்சிருந்தீங்க."

"மாமாதாங்க வேணான்னாரு. இப்ப அவரேதான் குழி வெட்டிட்டு இருக்காரு."

"ஆழமா வெட்டச் சொல்லு தம்பி. நாய் தோண்டிடும்."

பைக் ஸ்டார்ட் ஆகிறது. என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட இளைஞர் உடனே போகவில்லை.

"அண்ணனோட இன்னொரு காலு எப்படிங்க சிஸ்டர்?"

"அதுலயும் ரெண்டு விரலு கறுத்திருக்கு. டாக்டர் பாக்கணும்."

"அப்போ பக்கத்துலயே கொஞ்சம் எடம் விடச் சொல்லட்டுங்களா?"

சிஸ்டர் அவர் மடியில் விலகியிருந்த துணியை இழுத்து மூடிவிடுகிறார்.